எட்டி வைத்த கால்: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரனின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி நானே. வயது 43, எடை 79 கிலோ, கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஜூலையில் தொடங்கி அக்டோபர் முடியும்வரை நாற்காலியை விட்டு எழ நேரம் கிடைக்காத வேலை. ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 2024 நவம்பரில் வலது முழங்காலில் வலி வந்தது. அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று நானாக ஒரு வைத்தியம் செய்ததில் 2025 பிப்ரவரியில் இடது பாதத்து எலும்பு பாதிக்கப்பட்டது. இரண்டும் அடங்கி மறுபடி பத்து கிலோமீட்டர் ஓட ஆகஸ்ட் ஆகிவிட்டது.

மருத்துவ அதிசயம் எதுவும் இதில் இல்லை. அலுவலகம் போய்வந்து, மிஞ்சிய நேரத்தில் ஓடுகிற எவருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்த ஒன்பது மாதத்தில் நான் மூன்று முறை குற்றவாளியை மாற்றினேன். முதலில் ஷூ, பிறகு குதிகால், பிறகு நாற்காலி. ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புகிற நான், என் மணிக்கட்டில் கட்டியிருந்த கணக்கைப் புரட்டிப் பார்க்க ஐந்து மாதம் பிடித்தது.

வலி

2024 நவம்பர் 17, ஞாயிறு. 16 கிலோமீட்டர் ஓடி வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை, உடம்பெல்லாம் பெருமிதம்தான். மறுநாள் அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போது, வலது முழங்கால் சில்லுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. சமதரையில் நடந்தால் இல்லை, இறங்கினால் வருகிறது. அந்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனோம். இடைவேளைவரைகூட முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை. முன் இருக்கைக்கு அடியில் காலை விட்டு நீட்டியதில், அங்கே உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். முழங்காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தால் வருகிற இந்த வலிக்கு மருத்துவர்கள் தியேட்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

முழங்கால் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறது. முழங்கால் மடங்கிய நிலையில் தொடைத் தசை இறுகும்போதெல்லாம் சில்லு அந்தப் பள்ளத்தில் அழுந்துகிறது. படியிறங்கும்போதும் ஓடும்போதும் இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. பழகிய அளவுக்கு அழுந்தினால் ஒன்றும் ஆகாது. அளவு மீறும்போது சுற்றியுள்ள திசுக்கள் எரிச்சல் அடைகின்றன. ஓட்டக்காரர் முழங்கால் என்று சொல்வது இதைத்தான்.

முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒன்றும் இல்லை. "நாற்பதைத் தாண்டியாயிற்று, ஓட்டம் எதற்கு? நடங்கள், போதும்" என்றார். மூன்று நிமிடத்தில் ஆலோசனை முடிந்தது. டிசம்பரில் ஓட வேண்டிய அரை மராத்தானுக்குப் பணம் கட்டிய பாவத்துக்கு டி-ஷர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பழி ஷூ மேல்

ஓய்வில் இருக்கிற ஓட்டக்காரன் ஆபத்தானவன், படிக்க ஆரம்பித்துவிடுவான். நானும் படித்தேன். அப்போது கண்ணில் பட்டது ஒரு பழைய வாதம். 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகத்தால் பரவி, ஐந்தாறு வருடம் ஓட்டக்காரர்களை ஆட்டிவைத்த வாதம் அது. மனிதன் வெறுங்காலோடு ஓடப் பிறந்தவன். குதிகாலுக்கு அடியில் மெத்தை வைத்த ஷூ வந்த பிறகுதான் குதிகாலைக் குத்தி ஓட ஆரம்பித்தான். முழங்கால் போவதற்குக் காரணம் அந்த மெத்தைதான். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நாகரிகம் கெடுத்தது, பழைய வழி காப்பாற்றும் என்றால் நம் ஊரில் யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த வாதத்துக்கு அறிவியல் பின்புலமும் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு 2010 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள், அப்போது குதிகால் தரையில் மோதும் அந்தத் திடீர் அதிர்ச்சி வருவதில்லை என்று அளந்து காட்டியது. இப்படி ஓடுவது சில காயங்களிலிருந்து காக்கக்கூடும் என்பது அந்தக் கட்டுரையில் ஓர் ஊகமாக மட்டுமே இருந்தது. கட்டுரையிலிருந்து கடைக்கு வந்து சேர்வதற்குள் 'கூடும்' உதிர்ந்துவிட்டது.

கூடவே அபேபே பிகிலாவின் படம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் பிகிலா வெறுங்காலோடு மராத்தானை 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். படத்தைப் பகிர்கிறவர்கள் அடுத்த ஒலிம்பிக்கைப் பேசுவதில்லை. 1964-ல் டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டு ஓடினார். மறுபடியும் தங்கம், மூன்று நிமிடம் வேகமாக.

எனக்கு இன்னொரு சொந்த நம்பிக்கையும் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்புவரை செருப்பில்லாமல் திரிந்தவன் நான். பாதத்துக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். வெறுங்காலின் நன்மைக்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று உண்டு. கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 4 முதல் 13 வயதுவரை உள்ள 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளைப் பதிந்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், காலணி போடுகிற குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. ஆனால் அது வளர்கிற பாதத்தைப் பற்றிய ஆய்வு. முப்பது வருடம் தோல் ஷூவுக்குள் அடங்கிக் கிடந்த நாற்பத்து மூன்று வயதுப் பாதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இது எனக்கு உறைத்தபோது காலம் கடந்திருந்தது.

ஜனவரியில் மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். முழங்கால் வலி உண்மையிலேயே குறைந்தது! முன்பாதத்தில் ஊன்றி ஓடினால் முழங்காலின் சுமையில் ஒரு பகுதி கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் கைமாறுகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவு மட்டும்தான். பற்று எந்தப் பக்கம் எழுதப்படுகிறது என்று பார்க்கவில்லை. நான்காவது வாரம் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. ஐந்தாவது வாரம் இடது பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், விரல் வைத்தால் துள்ளுகிற வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் அந்த நீண்ட பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்க்கோப்பு தெரிந்தது. விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை. ஆறு வாரம் ஓடக் கூடாது.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் இதே பரிசோதனையை 2013-லேயே செய்துவிட்டார்கள். அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் 19 பேரை மட்டும் பத்து வாரத்தில் சிறிது சிறிதாக விரல் வடிவ மெல்லிய ஷூவுக்கு மாற்றினார்கள். பத்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, அந்த 19 பேரில் 10 பேருக்கு ஏதேனும் ஒரு பாத எலும்பிலாவது இந்த நீர்க்கோப்பு கூடியிருந்தது. விரல் வடிவ ஷூவைப் பிரபலமாக்கிய விப்ரம் நிறுவனம், ஆரோக்கியப் பலன்கள் பற்றிய விளம்பரங்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கை 2014-ல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசமாக முடித்தது; தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவும் நடந்து பத்து வருடம் கழித்து, எல்லோரும் கழற்றிப் போட்ட நம்பிக்கையை நான் புதிதாக வாங்கி மாட்டியிருக்கிறேன்.

மேசை மேல் ஒரு ஜோடி ஷூ

ஏப்ரலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். போனில் நேரம் ஒதுக்கும்போதே, "பழைய ஷூவைக் கழுவாமல் கொண்டுவாருங்கள் சார். வாட்சில் உள்ள பதிவையும் எடுத்துவாருங்கள்" என்றார்.

ஷூவை மேசை மேல் பின்பக்கம் தெரியும்படி வைத்தார். இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. வலதுக்குச் சாய்வு அதிகம். குதிகாலின் வெளி ஓரத்தில் கறுப்பு ரப்பர் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளை நுரை வெளியே தெரிந்தது. முன்பாதத்தில் ரப்பரின் கோடுகள் கடையில் வாங்கிய அன்று போலவே இருந்தன. வாட்ச் பதிவை இரண்டு நிமிடம் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்" என்று ஓரமாக வைத்தார்.

பிறகு வெளியே சாலையில் ஓடச் சொல்லி, பக்கவாட்டில் நின்று போனில் வேகம் குறைத்து எடுக்கிற வீடியோவாகப் பதிவு செய்தார். எப்போதும் ஓடுவதுபோலவே ஓடச் சொன்னதால், போனை வலது கையில் பிடித்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

என் ஓட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. மனதில் இருந்த உருவம் வேறு. திரையில் வந்த ஆள் கழுத்தைக் கொக்குபோல முன்னால் நீட்டி, இருட்டில் படிக்கட்டைத் துழாவுகிறவன்போலக் காலை முன்னால் அனுப்பி ஓடிக்கொண்டிருந்தான். வலது குதிகால் தரையைத் தொடுகிற கணத்தில் படத்தை நிறுத்தினார். பென்சிலை எடுத்து முழங்காலிலிருந்து நேர்கீழாகத் திரைமேல் வைத்தார்.

"கணுக்கால் இந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும், அல்லது ஒட்டி இருக்க வேண்டும். உங்களுடையது நாலு விரற்கடை முன்னால் இருக்கிறது. முழங்கால் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது, பாருங்கள். ஷூவின் நுனி வானத்தைப் பார்க்கிறது."

"குதிகாலில் ஊன்றுவதுதானே தப்பு?"

"குதிகால் இருக்கட்டும். நீங்கள் காலை எட்டி வைக்கிறீர்கள். ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பதுபோல. அடிக்கு ஒரு பிரேக். அந்தப் பிரேக்கைத் தாங்குவது இந்த முழங்கால்."

அவர் சொன்னது எனக்கு எளிதில் இறங்கவில்லை. குதிகாலைத் திட்டி நான் அவ்வளவு படித்திருந்தேன். வீட்டுக்கு வந்து தேடியதில், அவர் சொன்னதற்குத்தான் சான்று கிடைத்தது. 2004-ல் ஜப்பானின் சப்போரோ அரை மராத்தானில் 15-ஆவது கிலோமீட்டரில் கேமரா வைத்து 283 பேரைப் படம்பிடித்தார்கள். எல்லோரும் உயர்தர ஓட்டக்காரர்கள். அவர்களில் 74.9 சதவீதம் பேர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். முன்பாதத்தில் ஊன்றியவர்கள் 1.4 சதவீதம். அதைவிட வேடிக்கை, கென்யாவின் வடக்கே வாழும் தசனாச் மக்கள் பற்றி 2013-ல் வெளியான ஆய்வு. பிறந்ததிலிருந்து காலணி அறியாதவர்கள். தங்களுக்கு வசதியான நீண்டதூர வேகத்தில் ஓடச் சொன்னபோது, அவர்களிலும் 72 சதவீதம் பேர் குதிகாலைத்தான் ஊன்றினார்கள்.

ஆக, பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தொடுகிறது என்பது என் விஷயத்தில் பெரிய கேள்வி இல்லை. உடம்புக்கு எவ்வளவு முன்னால் தொடுகிறது என்பதுதான் கேள்வி. முன்பாதத்தில் ஊன்றப் பழகிய ஜனவரி மாதத்திலும் நான் எட்டித்தான் வைத்திருக்கிறேன். நுனியைக் கீழே வளைத்து எட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவே. சுமை முழங்காலிலிருந்து பாத எலும்புக்கு இடம் மாறியது.

போன், ஹெட்போன், நாற்காலி

வீடியோவில் கால் மட்டும் தெரியவில்லை. நான் வாழ்கிற விதமும் சேர்ந்தே தெரிந்தது.

போனைப் பிடித்த வலது கை முழங்கையில் உறைந்துபோய் நின்றது. ஓடும்போது வலது கால் முன்னால் போனால் இடது கை முன்னால் வரும், இடது காலோடு வலது கை; இடுப்பின் சுழற்சியைக் கைகள் சமன்செய்கின்றன. ஒரு கை வேலைநிறுத்தம் செய்தால் மற்றது இரண்டு மடங்கு உழைக்கும். என் இடது கை நெஞ்சைத் தாண்டி வலது தோள்வரை வந்து போனது. இருநூறு கிராம் இருக்கும் அந்தப் போன். ஓடும்போது அதை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. இருந்தும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இப்போது இடுப்புப் பட்டையில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். இடது கை தன் பக்கத்திலேயே நிற்கிறது. என் பட்டியலிலேயே காசும் உழைப்பும் மிகக் குறைவாகக் கேட்ட திருத்தம் இதுதான்.

ஹெட்போனைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அதைக் கழற்றிவிட்டு ஓடச் சொன்னபோதுதான் என் காலடிச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல இருந்தது. மூன்று வருடமாகப் பக்கத்தில் ஓடியவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள், யாரும் சொல்லவில்லை. நாகரிகமானவர்கள். காது, உடம்பு தனக்குத்தானே வைத்திருக்கிற பயிற்சியாளர். அதைப் பாட்டால் அடைத்து வைத்திருந்தேன்.

நாற்காலிக்கு வருவோம். உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிவிடுகிறது, அதனால் கால் பின்னால் போவதில்லை, அதனால் முன்னால் எட்டி வைக்கிறோம் என்ற விளக்கத்தை ஓட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் கட்டாயம் அதுதான் என்று நம்பினேன். பிசியோதெரபிஸ்ட் மேசையின் விளிம்பில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொன்னார். வலது தொடை மேசையில் படியாமல் இரண்டு விரல் உயரத்தில் நின்றது. "பார்த்தீர்களா, சுருங்கித்தான் இருக்கிறது" என்றேன், ஏதோ வென்றவன்போல. "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்டில் வலி போன பிறகு அதே சோதனையை மறுபடி செய்தோம். தொடை அதே இரண்டு விரல் உயரத்தில்தான் நின்றது.

அப்படியென்றால் நாற்காலி நிரபராதியா? இல்லை. ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொன்னபோது என் வலது முழங்கால் உள்பக்கமாக விழுந்து நடுங்கியது. மூன்றாவது முறை செய்ய முடியவில்லை. இடுப்பின் பக்கத் தசையிலும் தொடையிலும் பலம் இல்லை. அது மட்டுமல்ல. என் வாட்ச் கணக்குப்படி, ஓடாத நாட்களில் நான் நடக்கிற தூரம் வீட்டிலிருந்து ஸ்கூட்டருக்கு, ஸ்கூட்டரிலிருந்து லிஃப்டுக்கு, லிஃப்டிலிருந்து நாற்காலிக்கு. வாரத்தில் ஐந்தாறு நாள் எலும்புக்கும் தசைநாருக்கும் ஒரு வேலையும் கொடுக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பி மொத்த வாரத்தின் வேலையையும் வாங்கினால் அவை என்ன செய்யும்?

ஓரமாக வைத்த பதிவு

கடைசியில் பேசலாம் என்று வைத்த வாட்ச் பதிவைப் பிசியோதெரபிஸ்ட் இப்போது எடுத்தார். ஞாயிறுகளை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். அக்டோபர் 27: ஒன்பது. நவம்பர் 3: பத்து. நவம்பர் 10: திருப்பூரில் ஒரு கல்யாணம், ஓடவில்லை. நவம்பர் 17: பதினாறு. அந்த வாரத்தின் மற்ற ஆறு நாளும் சேர்த்து மூன்று கிலோமீட்டர்.

"பத்திலிருந்து எப்படி சார் பதினாறு வந்தது?"

போட்டி நெருங்குகிறது, ஒரு வாரம் வீணாகிவிட்டது, குழுவில் எல்லோரும் 16 ஓடினார்கள். இவைதான் பதில். சொல்லும்போதே கேட்க வெட்கமாக இருந்தது. ஒரு கட்சிக்காரர் இப்படி ஒரே மாதத்தில் அறுபது சதவீதம் எகிறிய கணக்கைக் கொண்டுவந்தால் நான் விளக்கம் கேட்காமல் விடுவேனா?

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே வேதவாக்கு. அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை என்று நானும் ஏளனம் பேசியிருக்கிறேன். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் புதிதாக ஓட வந்த 532 பேரை வைத்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 13 வாரம் மெல்லமெல்லக் கூட்டியவர்களுக்கும் 8 வாரத்தில் கூட்டியவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு, காயம் ஏற்பட்டது. ஆனால் அந்த விதி பார்த்தது வாரத்தின் மொத்தத்தை. 2025-ல், நான் குணமாகிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த ஆய்வு வேறொன்றைப் பார்த்தது. 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் வாட்ச் பதிவுகளை 18 மாதம் தொடர்ந்தார்கள். வார மொத்தம் எகிறியதற்கும் காயத்துக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டம், முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் நீண்டபோது காயம் கூடியது. 30 முதல் 100 சதவீதம்வரை நீட்டியவர்களுக்குக் காய வாய்ப்பு 52 சதவீதம் அதிகம். இரண்டு மடங்குக்கு மேல் நீட்டியவர்களுக்கு 128 சதவீதம் அதிகம். என் பதினாறு அந்த நடுக் கட்டத்தில் போய் உட்காருகிறது. முந்தைய நீண்ட ஓட்டம் பத்து. அன்று நான் ஓடியிருக்க வேண்டியது பதினொன்று.

இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மூன்று வருடமாக நான் எட்டி வைத்தே ஓடியிருக்கிறேன். முழங்கால் முணுமுணுக்காமல் தாங்கியது. ஆறு கிலோமீட்டரை ஒரே காலையில் மேலே ஏற்றியபோதுதான் அது கையை உயர்த்தியது. ஓடும் விதத்தில் பிழை இருந்தது உண்மை. காயமாக மாறியது அந்தக் காலையில்.

எட்டு காலடி

திருத்தத்துக்காக நேரு ஸ்டேடியத்தில் ஓய்வுபெற்ற ஒரு பி.டி. மாஸ்டரிடம் அனுப்பப்பட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். முதல் நாள் அவர் என் காலைப் பார்க்கவே இல்லை. முதுகைத் திருப்பி நின்று கேட்டார். "தம்பி, வலது கால் விழுவதை மட்டும் எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தொன்பது" என்றார். இரண்டு காலுக்கும் 158.

180 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் எண்ணிப் பார்த்து, உயர்தர ஓட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 180 அடியும் அதற்கு மேலும் வைப்பதைச் சொன்னார். அவர்கள் பந்தய வேகத்தில் பறந்தவர்கள். நான் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 வினாடி எடுப்பவன். அந்த எண்ணை எனக்கு மாட்டினால் தையல் இயந்திரம்போல நின்ற இடத்திலேயே குதிப்பேன். மாஸ்டருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் இதில் ஒரே கருத்து: இருக்கிறதில் ஐந்து சதவீதம் கூட்டினால் போதும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹைடர்ஷைட் குழு 45 ஓட்டக்காரர்களை வைத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தை மாற்றாமல் காலடி எண்ணிக்கையை மட்டும் ஐந்து சதவீதம் கூட்டியபோது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் உள்வாங்க வேண்டியிருந்த மோதல் ஆற்றலின் அளவு சுமார் 20 சதவீதம் குறைந்தது.

158-க்கு ஐந்து சதவீதம் என்றால் எட்டு. 166. என் வேகத்தில் ஓர் அடியின் நீளம் 95 சென்டிமீட்டரிலிருந்து சுமார் 90 ஆகிறது. வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் தெரியாத மாற்றம். ஆனால் அந்த நாலரை சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க என் கால் இரண்டு மாதம் பிடிவாதம் பிடித்தது. போனில் டிக் டிக் என்று ஒலிக்கவிட்டு ஓடினேன். ஒலி நின்றதும் பழைய அடி திரும்பிவந்தது. மாஸ்டர் கைதட்டிப் பார்த்தார். கடைசியில் மருதமலை அடிவாரத்தில் லேசான ஏற்றமுள்ள ஒரு சாலையில் ஓடவிட்டார். ஏற்றத்தில் எட்டி வைக்க முடியாது. தரையே எழுந்துவந்து காலைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. "இப்போது வருகிற சத்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் அதே சத்தம் வர வேண்டும்" என்றார். எண்ணைவிட அந்தச் சத்தம் எனக்கு எளிதாகப் பிடிபட்டது.

மற்றவை வழக்கமானவை. இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று தொடங்கி வாரம் நான்கு நாள், ஒவ்வொன்றும் சிறிது தூரம். அலுவலகப் படிக்கட்டில் ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குகிற பயிற்சி. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது. ஷூ விஷயத்தில் மாஸ்டர் ஒரு வார்த்தையில் முடித்தார்: காலுக்குப் பழக்கமானதையே போடுங்கள். குதிகால் மெத்தையுள்ள பழைய மாதிரியையே வாங்கினேன்.

ஆகஸ்டில் இருந்த நிலை

படியிறங்கும்போது பத்துக்கு ஆறு என்று ஏப்ரலில் சொன்ன வலி, ஒன்றாகியிருந்தது. சில நாள் அதுவும் இல்லை. பாதத்தில் வலி இல்லை. காலடி எண்ணிக்கை தொடக்கத்தில் 165, எட்டு கிலோமீட்டருக்குப் பிறகு சோர்வில் 160. குதிகாலைத்தான் இப்போதும் முதலில் ஊன்றுகிறேன். பென்சிலை வைத்துப் பார்த்தால், நாலு விரற்கடை ஒன்றரையாகியிருந்தது. கழுத்து மட்டும் மாறவில்லை, கொக்கு கொக்குதான்.

இது ஒரே ஒரு ஆளின் கதை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினேன். காலடி எண்ணிக்கை, தசைப் பயிற்சி, வாரத்தைப் பங்கிட்டது, போனைக் கையிலிருந்து விட்டது என்று இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒன்றுமே செய்யாமல் ஓய்வெடுத்திருந்தாலும் ஓரளவு குணமாகியிருக்கலாம். எனக்கு ஓர் ஊகம் உண்டு: ஞாயிற்றுக்கிழமையைக் குறைத்ததுதான் பெரும்பங்கு. பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். "இருக்கலாம்" என்றார்.

2025 நவம்பரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வந்தது, ஓட்டம் போனது. அடுத்த வாரம் ரேஸ் கோர்ஸில் குழுவினர் 18 கிலோமீட்டர் என்றார்கள். முந்தைய முப்பது நாளில் நான் ஓடிய நீண்ட தூரம் பத்து. பதினொன்றில் நிறுத்தி, பக்கத்து பேக்கரியில் டீ சொல்லிவிட்டு அவர்களுக்காக உட்கார்ந்தேன். பேப்பர் படித்தேன், பன் சாப்பிட்டேன், இன்னொரு டீ சொன்னேன். வியர்வை சொட்ட அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் முழங்காலை மடக்கியே உட்கார்ந்திருந்தேன் என்பது எழுந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.